உராய்வு யாரையும் கொல்வதில்லை

திரைக்கதை எழுதும் ஒருவர் அண்மையில் ஓர் அரங்கில் ஒரு கதைக்கரு சொன்னார். களம், சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்துப்போகிறான். ஊர் அழுகிறது, நிவாரணத் தொகை வருகிறது, மறுவாரம் ஆலை பஸ் வழக்கம்போல வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அவனோடு படித்த நான்கு பேருக்கு மட்டும் சந்தேகம்: இது விபத்தல்ல, கொலை. நான்கு பேரும் துப்பறியக் கிளம்புகிறார்கள். வழி நெடுகச் சிரிப்பு. கடைசியில் ஒரு காதல், ஒரு பொறாமை, ஒரு கொலைகாரன். கதையைச் சொல்லி முடித்த கையோடு அவர் ஒரு வாதத்தையும் வைத்தார். கொலையை விபத்தாகக் காட்டி மறைக்க இந்தியாவிலேயே இதைவிடத் தோதான இடம் கிடையாது. அங்கே சாவு அன்றாடம். அங்குள்ளவர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே அவல நகைச்சுவைக்கு அது இயல்பான மண். அரங்கில் பலத்த கைதட்டல்.

அவருடைய கதை படமாகலாம், ஆகாமலும் போகலாம். எனக்கு அது பொருட்டில்லை. ஆனால் அந்த வாதம் மறுப்பில்லாமல் நின்றுவிடக் கூடாது. எங்கள் பக்கத்துச் சாவுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு பொய்யான நினைப்பை அது கெட்டிப்படுத்துகிறது. பட்டாசு என்றால் வெடிக்கும், வெடித்தால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள், அந்தத் தொழிலின் சுபாவம் அப்படி என்கிற நினைப்பு அது. அவருடைய கதை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. விபத்து என்பது மழை மாதிரி தானாக வருவது, கொலை என்பது ஆள் செய்வது, தானாக வருவதன் மறைவில் ஆள் செய்ததை ஒளித்துவைக்கலாம் என்கிறார். விருதுநகர் மாவட்டத்தில் தானாக வரும் விபத்து எது என்று அவர் ஒன்றையாவது காட்டட்டும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, ஓம்சக்தி பட்டாசு ஆலை. குறைந்தது 38 உயிர்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை அது என்ற செய்தி அப்போதே வெளிவந்தது. உரிமம் நிறுத்திய ஆலையில் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் சத்தம் கேட்டதும் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவரச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஓடினார்கள். என்னவென்று பார்க்கவும் சிலர் போனார்கள். அடுத்தடுத்த வெடிப்புகள் அவர்களை வாரிக்கொண்டன. ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்கள் அந்தச் சாவுப் பட்டியலில் ஏராளம்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது, அறைகள் வேறு பலர் கையில் இருந்தன. உள்குத்தகை. ஒரே வளாகத்துக்குள் ஆளுக்குச் சில அறைகளை எடுத்துக்கொண்டு, அவரவர் சரக்கு, அவரவர் ஆட்கள் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் மொத்த ஆலையின் பொறுப்பும் கிடையாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. குழு அமைத்து விசாரித்து, இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர். அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டியில் 8 பேர். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியில் குறைந்தது 9 பேர். பட்டியல் இத்தோடு முடியவில்லை, நான்தான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முறையும் மறுநாள் பேப்பரில் அதே வரி வரும். மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. நம் திரைக்கதை எழுத்தாளர் இந்த வரியைப் படித்துத்தான் சிவகாசியைத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் அவர் போகவில்லை. போயிருந்தால் உராய்வு எப்படி வருகிறது என்று கேட்டிருப்பார்.

உராய்வு எப்படி வருகிறது? அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு, பச்சை உப்பு என்கிற பேரியம் நைட்ரேட் இவற்றைக் கையால் கலந்து சலிக்கிறார்கள், குழாய்க்குள் செலுத்துகிறார்கள், கட்டையால் இடிக்கிறார்கள். பேன்சி ரகத்துக்கு மணிமருந்து உருட்டிக் காயவைக்கிறார்கள். இவை எல்லாம் ஆபத்து என்று சட்டத்துக்குத் தெரியும். அதனால்தான் வெடிபொருள் விதிகள் ஒரு வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்கின்றன. அறையில் இவ்வளவு மருந்துக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்கின்றன. இந்த விதிகள் யாவும் ஒரே ஒரு கணக்கின்மேல் எழுதப்பட்டவை: உராய்வு என்றாவது ஒருநாள் வரும், வந்தால் ஓர் அறையோடு போகட்டும், நான்கு பேருக்கும் ஓடிப்போக ஒரு வாசல் இருக்கட்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைத்து, இடம் போதாமல் மரத்தடியிலும் வராந்தாவிலும் வேலை நடத்தி, மீந்துபோன கலவையை மறுநாளைக்கு வைத்து, அது ஈரத்தில் நீர்த்துப்போய்த் தானாகச் சூடேறும்வரை விட்டுவைத்தால் அங்கே பொறி பறக்கிற கணத்தை மட்டும் காரணம் என்று சொல்வது நேர்மையா? பொறி பறந்தது ஒரு கணம். பத்துப் பேரை அங்கே உட்காரவைத்தது பல மாத ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது.

இதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அவருடைய வாதத்தை அடியோடு சாய்க்கும் செய்தி. இந்தப் பகுதிக் காவல் நிலையங்களில் வெடிவிபத்து வழக்குகள் பலவற்றில் போடப்பட்ட பிரிவு என்ன தெரியுமா? வெடிபொருள் சட்டம் 1884இன் 9பி பிரிவோடு, இந்திய தண்டனைச் சட்டம் 304 இரண்டாம் பகுதி. அதாவது, இப்படிச் செய்தால் ஆள் சாவான் என்று தெரிந்தே செய்தது. கொலைக் குற்றம் ஆகாத, ஆனால் குற்றமான மரணம். பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இப்போது அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு இருக்கிறது. நான்கு பிளஸ் டூ மாணவர்கள் படம் முழுக்கத் தேடி, கடைசிக் காட்சியில் மூச்சு வாங்கக் கண்டுபிடிக்கப் போகும் உண்மையை, இது வெறும் விபத்தல்ல என்பதை, உள்ளூர்க் காவல் நிலையத்தில் அன்று சாயங்காலமே எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றும் நடப்பதில்லை. போர்மேன் கைதாவார். உரிமையாளர் தலைமறைவு என்று செய்தி வரும். அப்புறம் ஜாமீன். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அடுத்த தீபாவளி வந்துவிடும். எங்களிடம் புதிர் கிடையாது. விடை தெரிந்த பிறகும் தண்டனை வராத நிலைதான் இருக்கிறது. இதைத் துப்பறியும் கதையாக மாற்றுகிறவர், தெரிந்த விடையைத் தெரியாததாக ஆக்குகிறார். அது கற்பனைச் சுதந்திரமல்ல, குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம்.

அவருடைய மாணவர்களை நிஜமாகவே விசாரிக்க அனுப்பிப் பார்ப்போம். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் ஆலையின் வருகைப் பதிவேட்டைத் தேடுவார்கள். செத்த நண்பனின் பெயர் அதில் இருக்காது. பதினெட்டு வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது, ஆகவே எழுதியிருக்க மாட்டார்கள். அவனோடு அறையில் இருந்த பெண்கள் சிலருடைய பெயர்களும் இருக்காது, அவர்கள் உள்குத்தகைக்காரர் கூட்டிவந்த ஆட்கள். அடுத்து உரிமத்தைப் பார்ப்பார்கள். இங்கே உரிமத்தில் மூன்று தரம். மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், வெடிபொருள் துறை தரும் சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். எதில் என்ன ரகம், எவ்வளவு மருந்து என்று வரையறை உண்டு. சாதாரண வெடிக்கு மட்டும் அனுமதி வாங்கிய இடத்தில் பேன்சி ரகம் ஓடியிருக்கும். பேன்சிக்குத்தான் விலை. பிறகு உள்குத்தகைப் பத்திரத்தைத் தேடுவார்கள். அது எழுத்தில் இருக்காது, வாய்ப்பேச்சுதான். திரி எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் போனால் ஏதோ ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணையில் அனுமதியில்லாமல் கருந்திரி உருட்டும் குடும்பத்தில் போய் நிற்பார்கள். அந்தக் குடும்பத்தில் இவர்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றே இருக்கலாம். அதையும் தாண்டினால் ஆய்வு அறிக்கை. கடைசியாக யார் வந்து பார்த்தார், என்ன எழுதிவிட்டுப் போனார். அதற்கும் அப்பால், டெல்லியிலோ மும்பையிலோ முன்பணம் கொடுத்துவிட்டுத் தேதி குறித்துச் சரக்குக் கேட்ட மொத்த வியாபாரி.

இந்தப் பாதையில் போனால் ஒற்றைக் கொலைகாரன் அகப்பட மாட்டான். ஆளுக்குக் கொஞ்சம் செய்த பலர் அகப்படுவார்கள். சுவாரசியம் குறையாது, நூறு மடங்கு கூடும். ஆனால் நம் நண்பருக்குக் கடைசிக் காட்சியில் தனி ஒருவன் வேண்டும். காதலில் தோற்றவனோ சொத்துக்கு ஆசைப்பட்டவனோ, நெஞ்சுக்குள் தனி விஷம் வைத்திருந்த ஒருவன். அவனைப் பிடித்து வண்டியில் ஏற்றியதும் கதை முடிந்துவிடும். உரிமம் வைத்திருந்தவர் நல்லவராகிவிடுவார். உள்குத்தகைக்காரர் அப்பாவியாகிவிடுவார். பார்வையிடாமலே கையெழுத்துப் போட்டவர் காமெடி அதிகாரியாகிவிடுவார். ஆலை மறுநாள் திறக்கும், பார்வையாளருக்கும் மனது லேசாகிவிடும். அந்த ஒருவனின் பொறாமை மற்ற எல்லோரையும் விடுதலை செய்கிறது. இந்தக் கதைக்கருவில் எனக்கு மிகுந்த கோபம் தருவது இதுதான்.

சின்ன ஊர் என்கிறாரே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மனதில் இருப்பது வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்த ஊர். நாலு தெரு, ஒரு பள்ளிக்கூடம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு ரகசியம். சிவகாசி அப்படி அல்ல. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து அது ஒரு தொழில் நகரம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கே செய்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் சாமி காலண்டர் பெரும்பாலும் இங்கே அச்சடித்தது. 2021இல் மாநகராட்சியாகிவிட்டது. ஆலைகள் நகருக்குள் இல்லை. சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டங்களின் கரிசல் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. வானம் பார்த்த பூமி ஏமாற்றிய ஊர்களிலிருந்து விடியலில் ஆலை பஸ்கள் பெண்களை அள்ளிக்கொண்டு போகின்றன. இங்கே மறைந்திருக்கும் ரகசியம் படுக்கையறை ரகசியமல்ல. எந்த அறை எவருக்குக் குத்தகை, எந்த ஆலையில் எத்தனை ஆள் கூடுதல் என்பதுதான் ரகசியம். அது ஊரறிந்த ரகசியம்.

ஊரறிந்தும் ஏன் யாரும் பேசுவதில்லை என்று அவர் கேட்கலாம். கேட்டிருந்தால் நல்ல கதையின் வாசலுக்கு வந்திருப்பார். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்குத் தடை சொன்னது. சரவெடி கூடாது, பச்சை உப்பு கூடாது என்றது. அதையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் இந்தக் கிராமங்களில் அடுப்பு எரிந்த கதையை யாராவது எழுத வேண்டும். ஆலை இருந்தால் ஆபத்து, ஆலை மூடினால் பட்டினி. கூலி பீஸ் ரேட்டில். கை வேகம்தான் வருமானம், விதிப்படி மெதுவாகச் செய்தால் வீட்டுக்குக் கொண்டுபோகும் காசு குறையும். வாய் திறந்தால் தன் ஆலை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரி வேலை பார்க்கும் ஆலையும் மூடும். இந்த மௌனத்தை அவர் மர்மம் என்று நினைத்துவிட்டார். அது மர்மம் இல்லை, கூலிக்காரரின் கையில் வேறு ஒன்றும் மிச்சமில்லாததால் வந்த மௌனம்.

மக்களே சிரிக்கிறார்களே என்பதுதான் அவருடைய கடைசி அரண். ஆமாம், சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களைப் போலச் சிரிக்கவும் கிண்டலடிக்கவும் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டாமா? ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் கூடுதல் ஆட்களைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவதையும், அங்கே முள்ளுக்குள் குந்தியிருந்து கார் போனதும் திரும்பி வருவதையும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ முளைக்கும் மணல் வாளியைச் சொல்லிச் சிரிப்பார்கள். செத்தவரை வைத்துச் சிரிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய சிரிப்பு முதலாளியையும் அதிகாரியையும் நோக்கிப் போகிறது. நம் நண்பர் அந்தச் சிரிப்பை எடுத்து, திசையைத் திருப்பி, செத்த பையனின் பிணத்தின்மேல் வைக்கிறார். மக்களின் சிரிப்பைச் சாட்சிக்கு அழைக்க அவருக்கு உரிமை இல்லை.

அவல நகைச்சுவையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மடோன் அஸ்வினின் 'மண்டேலா' 2021இல் வந்தது. ஓர் ஊர், இரண்டு சாதி, நடுவில் ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை வாக்கு. வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அடி வாங்கியது யார்? அவரை மனிதராகவே மதிக்காத இரண்டு தரப்பும்தான், அவர் அல்ல. சிரிப்பை எங்கே திருப்ப வேண்டும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்த அரங்கில் 'சுழல்', 'வதந்தி' என்ற இரண்டு இணையத் தொடர்களையும் தமக்கு ஆதரவாக அவர் இழுத்ததும் தப்பு. 2022இல் வந்த இரண்டிலும் சின்ன ஊரில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்ததுதான் மையம் என்பது உண்மை. 'சுழல்' தொடரில் பள்ளி மாணவி காணாமல்போகும் அதே இரவில் சிமென்ட் ஆலையும் எரிகிறது. அந்தத் தொடர் ஆலையையும் தொழிற்சங்கத்தையும் கதைக்குள் இழுத்துவந்து விசாரித்தது, வண்ணப் பின்னணியாக விட்டுவிடவில்லை. 'வதந்தி' இன்னும் ஒரு படி மேலே போனது. செத்த பெண்ணைப் பற்றி ஆளாளுக்குக் கதை கட்டுவதே அவளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை என்பதுதான் அதன் சாரம். அதைப் பார்த்துவிட்டு, செத்த பையனைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதை கட்டலாம் என்ற முடிவுக்கு ஒருவர் வந்தால், அவர் பார்த்ததன் பயன் என்ன?

வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை கோபமா என்று கேட்பவர்கள் 2022 ஜூலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். சில நாட்களுக்குள் கைப்பேசி வைத்திருந்தவர் எல்லாம் துப்பறிவாளர் ஆனார்கள். ஆளுக்கொரு கொலைகாரன், ஆளுக்கொரு காரணம். ஜூலை 17இல் பள்ளிக்குள் கூட்டம் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. இணையான விசாரணை நடத்த வேண்டாம் என்று உயர் நீதிமன்றமே எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் சாவைப் புதிராக்கி விளையாடும் ருசி ஒரு சமூகத்துக்குப் பழகிவிட்டால் அது திரையோடு நிற்பதில்லை. பெற்றவளின் வாசலுக்கு வந்து நிற்கும்.

கரிசல் மண்ணில் பதின்வயதுப் பையனும் கொலையும் சேர்ந்த கதை வேண்டுமென்றால் அது நாற்பது ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பூமணியின் 'வெக்கை' நாவல், 1982. பதினைந்து வயதுச் சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். யார் வெட்டியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மறைக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காடு கரையெல்லாம் ஒளிந்து திரியும்போதுதான் நிஜமான கேள்வி எழும்புகிறது: இந்தப் பையனின் கையில் அரிவாள் எப்படி வந்தது? நிலம், சாதி, பணம், போலீஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பதில் சொல்கின்றன. 'அசுரன்' படத்தின் மூலம் அதுதான். அதே பூமணி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காகத் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிக் 'கருவேலம்பூக்கள்' படத்தையும் இயக்கினார். இந்த மண்ணிலிருந்து எழுத வந்தவருக்குக் கொலைகாரனை ஒளித்துவைத்து விளையாடத் தோன்றவில்லை. அது திறமைக் குறைவால் அல்ல. என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பையனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கதைக்கருவில் அவன் பிணமாகத்தான் அறிமுகமாகிறான். ஏன் ஆலைக்குப் போனான் என்ற கேள்வியே அதில் இல்லை. இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போன வரலாறு நீளமானது. விடிவதற்கு முன்னே தூக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தீப்பெட்டி ஆலை பஸ்களைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தில் அவர்களைக் காட்டினார். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு நிலைமை பெரிதும் மாறியது, மறுக்கவில்லை. அதே பிள்ளைகளின் பிள்ளைகள்தான் 2023 பிளஸ் டூ தேர்வில் விருதுநகர் மாவட்டத்தை மாநிலத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் குழாய் உருட்டிக்கொண்டே பாடம் படித்தவர்களும் விடுமுறையில் ஆலைக்குப் போய்க் கட்டணத்துக்குக் காசு சேர்த்தவர்களும் அதில் உண்டு. தாய் மருந்து அறையில் உட்கார்ந்து சம்பாதித்த காசில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சாயங்காலம் ஆலை பஸ் வர நேரமானால் அந்தப் பிள்ளைகளின் முகம் எப்படியிருக்கும் என்று அறிந்தவர் எவரும் சாவு அங்கே அன்றாடம் என்று மேடையில் சொல்ல மாட்டார். அன்றாடம் என்றால் பழகியிருக்க வேண்டும். யாருக்கும் பழகவில்லை.

நீ கேட்பது ஆவணப்படம், அதை யார் பார்ப்பார் என்று அவர் பதில் சொல்லக்கூடும். நான் ஆவணப்படம் கேட்கவில்லை. கொலைக் கதையே எடுங்கள், மாணவர்களே துப்பறியட்டும், அரங்கு சிரிக்கட்டும். ஒரு நிபந்தனைதான். அந்தப் பையன் யாருடைய உரிமத்தில், யாருடைய குத்தகையில், எத்தனையாவது ஆளாக அந்த அறைக்குள் உட்கார்ந்தான், கடைசியாக அந்த அறையைப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதியவர் யார் என்பதைப் படம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதன்பிறகு எந்தக் காதலையும் எந்தப் பொறாமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல மனமில்லாதவர் சிவகாசியைக் களமாக எடுக்க வேண்டாம்.